ஏற்காட்டுக் குளிரில் ஹீட் பம்ப்: நான்கு ஆண்டு அனுபவம்

2020 நவம்பரில், மழை ஓயாத ஒரு வாரத்தில், குளிக்கத் தண்ணீர் சூடாக்கும் 200 லிட்டர் ஹீட் பம்ப் ஒன்றை எங்கள் ஏற்காட்டு வீட்டில் பொருத்தினோம். அதுவரை அம்மாவுக்குச் செம்பு பாய்லர், எங்களுக்குக் கீசர். தோட்டத்தில் கவாத்து செய்த காப்பிக் கிளைகளும் சில்வர் ஓக் சுள்ளிகளும் பாய்லருக்குப் போதுமானவைதான். ஆனால் பனி இறங்கும் மாதங்களில் விறகு காயாது. ஈர விறகின் புகையில் அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்கத் துணிந்தது அந்த இருமலால்தான்.

கீசர் ஒரு யூனிட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டால் ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். அதற்கு மேல் தர அதனால் முடியாது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை வாங்கித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறதல்லவா, அதே வேலைதான். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம்கூடக் கிடைக்கும். ஆனால் காற்றின் வெப்பநிலைக்கும் நாம் கேட்கும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் இடையிலான ஏற்றம் கூடக் கூட அந்த மூன்று குறைந்துகொண்டே வரும். வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் குளிர்காலத்தில் பில்தான் சொல்லிக்கொடுத்தது.

பொருத்த வந்தவர்கள் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக்குள் இயந்திரத்தை வைத்தார்கள், மழை படாது என்று. வெப்பநிலையை 55 என்று வைத்து, விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடும்படி அமைத்துவிட்டுப் போனார்கள். இந்த மூன்றுமே தவறு. இயந்திரம் வெளியே விடுவது குளிர்ந்த காற்று. மூடிய அறையில் பத்து நிமிடத்திலேயே அறை சில்லிட்டுப்போய், அந்தக் குளிர்காற்றையே மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. டிசம்பர் விடியலில் எங்கள் பக்கம் 13 டிகிரி இருக்கும். 13 டிகிரிக் காற்றிலிருந்து 55 டிகிரித் தண்ணீர் எடுப்பது, நாள் முழுவதும் குனிந்து பழம் பறித்த பெண்ணிடம் மூட்டையையும் மேட்டுக்குத் தூக்கிப்போகச் சொல்வது போன்றது. இயந்திரத்துக்கென்று தனி மீட்டர் போட்டிருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் காட்டியது.

அடுத்த மார்ச்சில் அதை வீட்டின் தெற்குப் பக்கம், தாழ்வாரத்துக்கு வெளியே மாற்றினோம். ஓடும் நேரத்தைப் பகல் பன்னிரண்டரைக்குத் தள்ளினேன். டிசம்பரிலும் வெயில் அடித்தால் அந்த நேரத்தில் 21, 22 டிகிரி இருக்கும். மதியம் சூடாக்கிய தண்ணீர் மறுநாள் காலைக் குளியல்வரை தாங்குமா என்பதுதான் என் கவலை. தொட்டியைச் சுற்றி நுரை உறை இருப்பதால் இரவில் மூன்று நான்கு டிகிரிதான் இறங்குகிறது. அந்த இழப்பைவிடப் பகல் காற்றின் லாபம் பெரியது. மூடுபனி நாள் முழுவதும் விலகாத நாட்களில் மட்டும் பகலுக்கும் விடியலுக்கும் வித்தியாசம் தெரியாது.

வெப்பநிலையை 48 ஆக இறக்கினேன். நாம் குளிப்பது 40 டிகிரிக்குப் பக்கத்தில்தான். 55 ஆக்கி, பிறகு பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றுவது வீண். ஆனால் 48லேயே எப்போதும் விட்டுவிடக் கூடாது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லீஜியனெல்லா என்ற பாக்டீரியா வளரும். அதற்காக வாரம் ஒருமுறை, உள்ளே இருக்கும் துணை ஹீட்டரால் 60 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை விடவே கூடாது.

என் நோட்டில் உள்ள கணக்கைச் சொல்கிறேன். டிசம்பரில் குழாய்த் தண்ணீர் 17 டிகிரி. 200 லிட்டரை அதிலிருந்து 48க்கு ஏற்ற ஏறத்தாழ 7.2 யூனிட் வெப்பம் வேண்டும். தொட்டி முழுவதும் காலியான நாட்களில் என் மீட்டர் காட்டுவது 2.7. மே மாதத்தில் அதுவே 1.6க்கு இறங்குகிறது. கீசராக இருந்தால் டிசம்பரில் அந்த ஏழு யூனிட்டும் முழுதாக மீட்டரில் ஓடியிருக்கும். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் நம் ஊரில், இந்த வித்தியாசம் சிறியதல்ல.

குழாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டியிலிருந்து அம்மாவின் குளியலறைவரை 14 மீட்டர் குழாய், முதலில் வெறுமையாகவே சுவரில் ஓடியது. அதற்குக் கறுப்பு ரப்பர் நுரை உறை மாட்டினோம். பெரிய செலவில்லை. அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்கு இப்போது சூடு உடனே வருகிறது. இயந்திரத்தோடு சேர்த்தே செய்திருக்க வேண்டிய வேலை அது.

இதற்கிடையில் ஜெர்மனியில் இருக்கும் என் மைத்துனர், தன் வீட்டைச் சூடாக்கத் தரைக்கு அடியில் குழாய் பதித்து ஹீட் பம்ப் நீரை ஓடவிட்டிருப்பதைச் சொன்னார். தரைக்கு 35 டிகிரி நீரே போதும். குளியலுக்கு வேண்டிய ஏற்றத்தைவிட அது மிகக் குறைவு என்பதால், வெளியே உறைபனி இருக்கும்போதும் இயந்திரம் சிரமப்படுவதில்லை. அம்மாவின் மூட்டுவலியை நினைத்து, அவர் அறைக்கு மட்டும் அப்படிச் செய்யலாமா என்று கணக்குப் போட்டேன். பதினொரு சதுர மீட்டர் அறை. சதுர மீட்டருக்கு 50 வாட் வைத்தாலும் பத்து மணி நேர இரவுக்கு ஐந்தரை யூனிட் வெப்பம் வேண்டும். குளியல் போகத் தொட்டியில் அவ்வளவு மிஞ்சாது. மைத்துனர் இன்னொன்றையும் கேட்டார்: "மச்சான், மேலே ஓடு, கீழே சூடு. அந்தச் சூடு எங்கே நிற்கும்?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. அவர் வீட்டுச் சுவரிலும் கூரையிலும் கண்ணாடியிலும் வெப்பக் காப்பு இருக்கிறது. எங்களுடையது நூறு ஆண்டுக் கல்சுவர், ஓட்டுக் கூரை. ஓடுகளின் இடுக்கில் பனி உள்ளே வருவதையே கண்ணால் பார்க்கலாம். ஆகவே தரையைத் தொடாமல், அம்மாவின் அறைக்கு மரச்சட்டத்தில் ஒரு தாழ்கூரை அடித்து, அதன் மேல் கண்ணாடிப் பஞ்சுப் பட்டைகளைப் பரப்பினோம். ஜன்னல் சட்டங்களுக்கு ரப்பர் பட்டை ஒட்டினோம். எந்த ஹீட்டரும் இல்லாமல், விடியலில் அந்த அறை நடுக்கூடத்தைவிட மூன்று டிகிரி கூடுதலாக இருக்கிறது. "இப்போதுதான் போர்வைக்குள் காது வைக்காமல் தூங்குகிறேன்" என்றார் அம்மா.

பராமரிப்பில் நான் கவனமாக இருப்பது இரண்டில். சில்வர் ஓக் இலைகள் காற்று இழுக்கும் பக்கம் வந்து அப்பிக்கொள்ளும். மாதம் ஒருமுறை மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைக்கிறேன். துடைக்காத ஒரு ஜனவரியில் யூனிட் கணிசமாகக் கூடிவிட்டது. அடுத்தது, தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் தண்டு. துருவைத் தான் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பது அதுதான். இரண்டாம் ஆண்டு திறந்தபோது சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மாற்றினோம். சேலத்தில் உப்பு கூடிய போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் என் தங்கைக்கு ஆண்டுக்கொரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து ஒன்றரை நாள் மின்சாரம் இல்லாமல் போனால் இயந்திரம் என்ன செய்யும்? அதற்காகச் செம்பு பாய்லரை விற்காமல், புளிபோட்டுத் துலக்கித் தாழ்வாரத்திலேயே வைத்திருக்கிறோம். இந்த முறை விறகை அக்டோபருக்கு முன்பே அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டாயிற்று.