ஏடிவி கார்புரேட்டர் ஒழுகுகிறதா? பகாவில் ஒரு போமன் இருக்கிறார்

எங்கள் வண்டி யமஹா கிரிஸ்லி 350, தோட்டக் காட்டுப் பாதையில் ஓடும் நாலு சக்கர ஏடிவி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய வண்டி. நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றிய டிரெய்லரை இழுப்பதும் உர மூட்டை சுமப்பதும்தான் அதன் வேலை. கொஞ்ச நாளாக நிறுத்தி வைத்தால் போதும், கார்புரேட்டருக்கு அடியில் தொங்கும் ரப்பர் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தாலே வாடை மூக்கைத் துளைக்கும், ஸ்டார்ட் பண்ண ஒரு பாடு, ஆனாலும் கரும்புகை, பிளக்கைக் கழற்றினால் நனைந்து கறுத்துக் கிடக்கும். அதைச் சரிசெய்து கொடுத்த பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. அதை நடத்தும் போமன் (மெக்கானிக்) அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார், இருக்கிற வேலையே முடிந்தபாடில்லையாம். டவுனில் மோட்டர் பட்டறை எதிலாவது 'பழைய ஏடிவி பார்க்கிற போமன்' என்று கேளுங்கள், கை காட்டுவார்கள்.

அதற்கு முன்னால் வேறொரு கடையில் காட்டியிருந்தோம். கார்புரேட்டரைத் திறந்து, ஸ்ப்ரே அடித்து, ஊசியை மட்டும் மாற்றி, காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மறுபடியும் ஒழுகியது. திரும்பப் போய்க் கேட்டால், "கார்புரேட்டர் போச்சு, ஆன்லைனில் புதுசு வாங்கிட்டு வாங்க, மாட்டித் தர்றோம்" என்கிறார்கள். என்ன போச்சு, எங்கே போச்சு என்று கேட்டால் பதில் இல்லை.

இந்த அண்ணனிடம் எனக்குப் பிடித்ததே, அவர் கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் எஞ்சின் எண்ணெய்க் குச்சியை உருவி மோந்து பார்த்ததுதான். "தம்பி, இதுல பெட்ரோல் கலந்திருக்கு. இதோட ஓட்டுனீங்கன்னா அப்புறம் கார்புரேட்டர் பத்திப் பேச வேண்டியதில்ல, எஞ்சினைப் பத்திப் பேச வேண்டியதுதான்" என்றார். குச்சியில் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நின்றது, விரலில் தொட்டால் தண்ணீராக ஓடியது. நிரம்பி வழியும் பெட்ரோல் எல்லாமே அந்தக் குழாய் வழியாக வெளியே போய்விடுவதில்லை. ஒரு பங்கு இன்டேக் (எஞ்சினுக்குள் காற்று போகும் வழி) வழியாக சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அடியில் இருக்கும் எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் நீர்த்துப்போனால் பேரிங் தேயும். சிலிண்டருக்குள் நிறையத் தேங்கிவிட்டால் ஸ்டார்ட் பண்ணும்போது பிஸ்டன் மேலே வர முடியாமல் முட்டிக்கொண்டு, கனெக்டிங் ராடு வளையவும் செய்யலாம். ஆகவே உங்கள் வண்டி ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்க் குச்சியை. முந்தைய கடையில் யாரும் இதைப் பார்க்கவே இல்லை.

கார்புரேட்டருக்குள் நடப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கழிவறைத் தொட்டியில் மிதவை எழும்பியதும் தண்ணீர் நிற்கிறதே, அதே வேலைதான். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் என்கிற மிதவை மேலே வரும், அது ஊசியைத் தள்ளும், ஊசி நுனியில் இருக்கும் ரப்பர் பித்தளை சீட்டில் போய் உட்கார்ந்து வழியை அடைக்கும். அடைக்கவில்லை என்றால் ஒழுகல்.

அண்ணன் கிண்ணத்தைக் கழற்றியதும் ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் களக் களக் என்று சத்தம் வருமாம், எங்களுடையதில் வரவில்லை. கிண்ணத்துக்குள் நிற்கும் சின்ன ஓவர்ஃப்ளோ குழாயில் விரிசல் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார், அதுவும் இல்லை. ஊசி நுனியை பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார், முந்தைய கடைக்காரர்கள் போட்ட புது ஊசிதான், வரி எதுவும் விழாமல் நன்றாகவே இருந்தது. அப்புறம்தான் அந்த சீட்டையே வெளியே உருவினார். எங்கள் வண்டியில் இருப்பது மிக்குனி பிஎஸ்ஆர்33. இதில் சீட் தனிப் பாகம், ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும், அதைச் சுற்றி மெல்லிசாக ஓர் ஓரிங் (ரப்பர் வளையம்) இருக்கும். வட்டமாக, மெத்தென்று இருக்க வேண்டிய ஓரிங், எங்களுடையதில் தட்டையாகிக் கல்லுபோல் இறுகிக் கிடந்தது. நகத்தால் அழுத்தினார், இரண்டாக உடைந்தது. பெட்ரோல் ஊசியைத் தாண்டி வரவே இல்லை, சீட்டுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கிண்ணத்துக்குள் இறங்கியிருக்கிறது! ஊசியை ஆயுசுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாலும் அது நிற்காது.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. சில கார்புரேட்டர்களில் சீட் உடலோடு அழுத்திப் பொருத்தியிருக்கும், கழற்ற வராது. அவற்றில் காது குடையும் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் தொட்டு, சீட்டை மெதுவாகத் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான் வழி என்றார்.

"புதுசே போட்டுடலாமாண்ணே? ஆன்லைன்ல 120 வெள்ளிக்கு வருதே" என்று கேட்டேன். "எதுக்கு? உடம்பு சுத்தமா இருக்கு. அந்த மலிவு சாமான் ஜெட்டு என்ன அளவுன்னு செஞ்சவனுக்கே தெரியாது" என்றார். ஜெட் என்பது பெட்ரோல் அளவாகப் போகும் சின்னத் துளை. ஆனால் அதே மனிதர், பிள்ளைகள் ஓட்டும் சீனத்து 110 சிசி ஏடிவியோடு வந்தவரிடம், "இதுக்குப் புது பிஸட்19 கார்புரேட்டர் வாங்கிப் போட்டுடுங்க, கூலி கொடுத்துப் பிரிச்சாக் கட்டுப்படியாகாது" என்று சொல்லி அனுப்பினார். வேலையை இழுத்துப் போட்டுக் காசு பார்க்கிற ஆள் இல்லை.

ஃப்ளோட் உயரம் வைக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். கார்புரேட்டரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து அளந்தால் ஃப்ளோட்டின் கனம் ஊசியின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கிவிடும், அளவு தப்பாக வரும். சாய்வாகப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு, ஊசியின் தலையில் ஸ்பிரிங் தாங்கும் சின்னக் கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்தி, வெர்னியரால் அளந்து, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டார். பிறகு கிண்ணத்தின் டிரெயின் முனையில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி மேல் நோக்கி நிறுத்தி, ஒரு பாட்டிலில் பெட்ரோலை உயரத்தில் தொங்கவிட்டு, டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். குழாயில் ஏறி நிற்கும் மட்டம்தான் கிண்ணத்துக்குள் இருக்கும் மட்டம். அப்படியே விட்டுவிட்டு இருவரும் எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துவிட்டு வந்தோம், மட்டம் நூலளவும் ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் வண்டியில் மாட்டினார். பக்கத்தில் சிகரெட்டோடு நின்ற ஒருவரை முதலிலேயே விரட்டிவிட்டார், அதையும் பாராட்டித்தான் ஆக வேண்டும்.

பெட்ரோல் டேப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் வலையைக் காட்டினார், செம்மண் சேறாக அப்பியிருந்தது. தோட்டத்தில் எல்லாரும் பிளாஸ்டிக் டின்னில்தான் பெட்ரோல் கொண்டுபோகிறோம், மூடி திறந்தே கிடக்கும், தூசி போகாமல் என்ன செய்யும். குழாயில் ஒரு ஃபில்டரும் போட்டுவிட்டார். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வண்டியில் பெட்ரோல் தானாக இறங்கி வருவது, பம்பு கிடையாது, பம்பு வைத்த காருக்கான ஃபில்டரைப் போட்டால் போதுமான அளவு வராமல் மேட்டில் மூச்சு வாங்கும்.

கூலி 70 வெள்ளி, சாமான் 55, எஞ்சின் எண்ணெய் தனி. என்னைக் கேட்டால் நியாயமான விலை.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்கவே மாட்டார். நாளைக்கு என்றால் நாளை மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குலை வெட்டுகிற சமயத்தில் இது பெரிய தலைவலி, வெட்டிய பழம் ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போகவில்லை என்றால் அமிலம் ஏறித் தரம் இறங்கும், அதைச் சொன்னாலும் "பார்ப்போம் தம்பி" என்பதோடு சரி. கடனும் கிடையாது, கார்டும் கிடையாது, ரசீது கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருகிறார், தோட்டக் கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்கு அது உதவாது. வண்டிகள் வெளியே வெயிலில்தான் நிற்கும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ஏடிவி வைத்திருப்பவர்கள் மெனக்கெட வேண்டாம், தொட மாட்டார். அவர்கள் சிரம்பானுக்குத்தான் போயாக வேண்டும்.

கோலா பிலா பக்கமிருந்து லோரியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் ஏற்றும்போதே பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். வழியில் குலுங்கினால் நல்ல கார்புரேட்டரும் கொஞ்சம் சிந்தும், அதைப் பார்த்து அவர் பழுது என்று எடுத்துக்கொள்ள மாட்டார், ஆனால் லோரி டிரைவர் கத்துவார். காலை எட்டரைக்குள் போய்விட்டால் அன்றைக்கே திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார்.