பிச்சாவரமா, சுண்ணாம்பாறா? குடும்பத்தோடு படகில் போக எது சரி?

கடலூரில் விருந்தாளிகள் வந்து படகில் போகலாமா என்று கேட்டால் இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். வடக்கே சுண்ணாம்பாறு, தெற்கே பிச்சாவரம். என் ஓட்டு பிச்சாவரத்துக்கு, ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் அல்ல.

சுண்ணாம்பாறு போவது சுலபம். புதுச்சேரி சாலையில் நோணாங்குப்பத்தில் இறங்கினால் படகு குழாம் வந்துவிடும். சங்கராபரணியின் கிளைதான் இந்த ஆறு. பெரிய படகுகளில் ஏறி உட்கார்ந்து, முகத்துவாரம் பக்கம் இருக்கும் பாரடைஸ் பீச்சில் இறங்கலாம். முட்டிவலி உள்ள அம்மா, கைக்குழந்தை என்றால் இதுவே நல்லது. பசங்களுக்கு மணலில் நேரம் போவதே தெரியாது. அந்தக் கடலில் இழுப்பு அதிகம், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திரும்பி வர கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதையும் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆனால் அங்கே படகு என்பது கடற்கரைக்குப் போகும் வழி, அவ்வளவுதான். பிச்சாவரத்தில் படகில் போவதற்காகவே போகிறோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்து கிடக்கும் அலையாத்திக் காடு அது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

அங்கே போனபின் துடுப்புப் படகா, மோட்டார் படகா என்று இன்னொரு கேள்வி வரும். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான கேள்வி. மோட்டார் படகு அகலமான வாய்க்காலில் சீக்கிரம் சுற்றிக் காட்டிவிடும். கிளைகள் தலைக்கு மேல் கூரைபோல் கவிந்த குறுகலான ஓடைகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் வேர்கள் தண்ணீரில் காலூன்றி நிற்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். விழுந்து சேற்றில் குத்திக்கொண்டால் அங்கேயே புது மரம். கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி மரத்தின் இலையின் அடியில் விரலை வைத்துத் தேய்த்து நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடையாது. தில்லை மரத்தை மட்டும் தொட விடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

சிரமமும் உண்டு. துடுப்புப் படகு தாழ்வாக இருக்கும், ஆடும், முட்டியை மடக்கித்தான் உட்கார வேண்டும். வெயிலுக்கு மறைப்பு கிடையாது. தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் சில ஓடைகளுக்குள் போக முடியாது, அதனால் படகுக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஆழம் குறைவுதானே என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம்.

விடுமுறை நாளில் மதியம் போனால் டிக்கெட் வரிசையிலேயே பாதி உற்சாகம் போய்விடும். காலையில் முதல் ஆளாகப் படகேறி, வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிட்டால், நடை சாத்துவதற்குள் சிதம்பரம் கோயிலையும் பார்த்துவிடலாம். அங்கே தல மரம் தில்லை, காலையில் படகிலிருந்து பார்த்த அதே மரம்.

பாட்டிக்குத் தாழ்வான துடுப்புப் படகில் இறங்கி ஏற முடியாதென்றால் யோசிக்கவே வேண்டாம், சுண்ணாம்பாறுக்கே போங்கள்.