எருமையா, கிப்ஸா, சோல் லெதரா: ஈரத்தில் அச்சு எடுக்கும் ஹோல்ஸ்டருக்கு எந்தத் தோல்?

சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டியில் போய், கருவியையோ துப்பாக்கியையோ இடுப்பில் சொருகும் உறையான "ஹோல்ஸ்டருக்குத் தோல் வேணும்" என்று கேட்டால், முதலில் வரும் கேள்வி "எத்தனை எம்.எம்.?" என்பதுதான். 3 என்றோ 4 என்றோ சொல்லி, கையில் மடக்கிப் பார்த்து, கெட்டியாக இருக்கிறதே என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். வீட்டில் நனைத்து, கட்டிங் பிளேயரைச் சொருகி, இரண்டு நாள் காயவைத்து எடுத்தால், பிளேயரின் உருவம் தோலில் தங்கியே இருக்காது. தடிமன் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். எதில் பதனிட்டது, மாட்டின் எந்தப் பகுதி, உள்ளே எவ்வளவு எண்ணெய் ஏறியிருக்கிறது என்ற மூன்றும் சரியாக இருந்தால் 2 மி.மீ. தோல்கூட இரண்டு அடுக்கில் ஓடு மாதிரி நிற்கும்.

குரோம் தோலை முதலில் ஒதுக்கிவிடலாம்

மரப்பட்டையில் பதனிட்ட தோலில், கொலாஜன் நார்களுக்கு நடுவே டானின் என்ற பட்டையின் துவர்ப்புப் பொருள் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் உள்ளே போனதும் நார்கள் இளகி, விரல் அழுத்தும் பக்கம் நகரும். காயும்போது நகர்ந்த இடத்திலேயே ஒன்றோடொன்று இறுகிவிடும். குரோம் பதனீட்டில் குரோமியம் நார்களைக் குறுக்கே கட்டிப்போட்டுவிடுகிறது. நனைந்தாலும் காய்ந்தாலும் பழைய நிலைக்கே திரும்பும். பைக்கும் ஜாக்கெட்டுக்கும் அது வரம். ஹோல்ஸ்டருக்கு அதுவே வினை. (ஆம்பூர் குரோம் ஷூ வடிவம் குலையாமல் நிற்கிறதே என்று கேட்டால், அது குதிகாலிலும் முன்னாலும் உள்ளே வைக்கும் விறைப்பான அட்டையின் தயவு.)

மண்டியில் குரோமைக் கண்டுபிடிப்பது சுலபம். வெட்டிய ஓரத்தின் நடுவே நீலச் சாம்பல் கோடு தெரியும். ஆனால் சாயம் முழுக்க ஊடுருவியிருந்தால் அந்தக் கோடு மறைந்துவிடும். அதைவிட ஏமாற்றுவது செமி குரோம். முதலில் பட்டையில் பதனிட்டு, பிறகு குரோமில் மறுபதனீடு செய்தது. ஓரம் பழுப்பாகத்தான் இருக்கும், வாசனையும் பட்டை வாசனைதான். கண்ணும் மூக்கும் இங்கே உதவாது, கொதிநீர்தான் உதவும். ஒரு அங்குலத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். முழுப் பட்டைத் தோல் சுருண்டு, சிறுத்து, கட்டையாகிவிடும். குரோம் போட்டபடியே கிடக்கும். செமி குரோம் கொஞ்சம் சுருங்கி நிறுத்திக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது பட்டைத் தோல் ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரி செல்சியஸில் சுருங்கும். குரோம் கொதிநிலையையே தாங்கும். இந்த வித்தியாசத்தைத்தான் அடுப்பில் பார்க்கிறோம். முழுத் தோல் வாங்குமுன் ஓரத்துத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வந்து சோதித்துவிட்டுப் போனால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது எண்ணெய். சதைப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் உறிஞ்சி இருண்டால் நல்லது. முத்து மாதிரி நின்றால் எண்ணெயோ மெழுகோ நிறைய ஏறியிருக்கிறது என்று பொருள். குதிரைச் சேணம், வார் வகைக்குப் போகும் தோல் பெரும்பாலும் இப்படித்தான். அது பட்டைத் தோல்தான், தரமும் உயர்ந்ததுதான். ஆனால் தண்ணீர் உள்ளே போகாத தோலில் அச்சு விழாது.

பட், ஷோல்டர், பெல்லி

ஒரே மாட்டுத் தோலிலேயே மூன்று வேறு தோல்கள் இருக்கின்றன. முதுகின் பின்பாதியான பட் பகுதியில் நார் அடர்த்தி அதிகம், இழுபடாது. அச்சு எடுக்கக் கை வலிக்கும், எடுத்தால் வருடக்கணக்கில் நிற்கும். வயிற்றுப் பகுதியான பெல்லி தொட்டாலே வளையும், அரைமணியில் அழகான அச்சு கிடைக்கும். மூன்று மாதத்தில் வாய் தொங்கிவிடும். விலை குறைவென்று பெல்லியில் ஹோல்ஸ்டர் செய்வது காசை வீணடிப்பது. தோள் பகுதியான ஷோல்டர் நடுவாந்தரம்: பட் பகுதியைவிட இளக்கம், கழுத்துச் சுருக்கக் கோடுகள் தெரியும்.

எது எப்போது என்பதை, தோலை வெட்டும் அளவான பேட்டர்ன் முடிவு செய்யும். 50 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம் உள்ள ஒரு பிளேயருக்கு இரண்டு பக்கமும் புடைத்த ஹோல்ஸ்டர் என்றால், ஒவ்வொரு பக்கத் தோலும் கனத்தில் பாதியை மட்டுமே சுற்றினால் போதும். தையலிலிருந்து தையல்வரை அகலமும் கனமும் சேர்ந்து 70, தோலின் தடிமன் 3 கூட்டி 73 மி.மீ. தையலுக்கு வெளியே பக்கத்துக்கு 10 மி.மீ. விட்டு, மோல்டு ஆனபிறகு நறுக்கலாம். இதற்குப் பட் தாங்கும். இடுப்பை ஒட்டும் பின்பக்கம் தட்டையாக இருக்க வேண்டுமென்றால் கதை மாறும். முன்தோல் ஒன்றே முழுக் கனத்தையும் சுற்ற வேண்டும், அதாவது 50-உடன் இரண்டு 20, தோலின் தடிமனைச் சேர்க்காமலே 90 மி.மீ. மூலைகளில் அவ்வளவு ஆழத்துக்குப் பட் இறங்காது, மடிப்பு விழும். அங்கே முன்னால் ஷோல்டர், பின்னால் பட் வைப்பதே சரி. முன்தோலைத் தனியாக அச்செடுத்துக் காயவைத்து, பிறகு தைக்க வேண்டும்.

நேருக்கு நேர்

மண்டியில் பட்டைத் தோல் என்ற பெயரில் நான்கு வகை கிடைக்கும்.

சோல் லெதரை முதலில் முடித்துவிடலாம். செருப்பின் அடிக்காக அழுத்தி உருட்டிய, 4 மி.மீ.க்கு மேற்பட்ட தோல். நனைத்தாலும் கூர்மையாக மடியாது, வம்படியாக மடக்கினால் மேல்முகம் வெடிக்கும். வாய்ப்பகுதி விறைப்புக்கு ஒரு பட்டையாகவோ, பெல்ட் மாட்டும் தகட்டாகவோ பயன்படுத்தலாம். அதற்குமேல் வேண்டாம்.

எருமைக்கு ஆதரவாளர்கள் அதிகம். தோல் பெரிது, தடிமன் தாராளம், கிழியாது. குறை நாரில் இருக்கிறது. பசுத்தோலைவிட எருமை நார் முரடு, பின்னல் தளர்வு. தண்ணீரை நிறைய குடிக்கும், மெதுவாகக் காயும், காய்ந்தபின் விளிம்புகள் மழுங்கி நிற்கும். பிளேயரின் திருகாணி, ரிவால்வரின் சிலிண்டர் போன்ற நுணுக்கம் அதில் கூர்மையாக விழாது. இன்னொரு வில்லங்கம் ஸ்பிளிட். கனமான எருமைத் தோலை இயந்திரத்தில் இரண்டாகச் சீவினால் அடியில் வருவது மேல்முகம் இல்லாத அடித்தோல். அதன் மேல் பூச்சு பூசி, ரோமக்கண் அச்சடித்து விற்பதும் உண்டு. ஊசியால் மேற்பரப்பைக் கீறினால் பூச்சு படலமாக உரியும். நல்ல எருமைக்கும் இன்னொரு சோதனை வேண்டும்: மேல்முகம் உள்ளே வரும்படி மடக்குங்கள். மெல்லிய நெருக்கமான ரேகைகள் விழுந்தால் சரி, விரல் பருமன் சுருக்கங்கள் விழுந்தால் அந்த இடம் தளர்வு. இந்தச் சோதனை பசுத்தோலுக்கும் பொருந்தும்.

தடித்த பசு பட், 2.8 முதல் 3.2 மி.மீ. வரை, ஒற்றை அடுக்கில். ஹோல்ஸ்டர் செய்வோர் உலகெங்கும் முதலில் தேடுவது இதைத்தான். அமெரிக்கக் கணக்கில் 7–8 அவுன்ஸ் என்பார்கள். ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 0.4 மி.மீ. அச்சு கூர்மை, ஆயுள் இரண்டிலும் இதற்கு மேல் இல்லை. தொல்லை என்னவென்றால், நம் ஊர் மாடுகள் சிறியவை. இவ்வளவு சீரான தடிமன் ஒரே தோலில் சிறு பரப்புக்குத்தான் வரும். சீமைத் தோல் வாங்கினால் தீர்ந்தது, விலையைத் தாங்க முடிந்தால்.

நான்காவது, ஈ.ஐ. கிப்ஸ். எங்கள் ஓட்டு இதற்கே. ஈஸ்ட் இந்தியா கம்பெனி காலத்துப் பெயரை இன்றும் சுமக்கும், புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுத் தோல். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் வளர்ந்த பதனீடு. பழைய முறை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் புங்க எண்ணெயும். இப்போது வாட்டில் என்ற மரத்தின் பட்டை பெரும்பங்கு. சிறு மாட்டுத் தோல் என்பதால் நார் நெருக்கம், மேல்முகம் வழவழப்பு, தண்ணீரை உடனே குடிக்கும், அச்சு துல்லியமாக விழும். குறை ஒன்றுதான்: 2 மி.மீ. சுற்றித்தான் இருக்கும், ஒற்றை அடுக்கு நிற்காது.

ஆகவே இரண்டு அடுக்கு. வெளியே 1.8, உள்ளே 1.4, சதைப்பக்கத்தோடு சதைப்பக்கம் ஒட்டினால் 3.2 மி.மீ. உள்ளும் புறமும் வழவழப்பான முகம், கருவி வழுக்கி வெளியே வரும், விறைப்பு அதே தடிமனுள்ள ஒற்றை எருமையைவிட நன்றாக நிற்கும். ஒட்டுவதற்குச் செருப்புக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் சொல்யூஷன்தான் வேண்டும். இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும் சேர்த்து அழுத்துங்கள். வெள்ளை ஃபெவிகால் தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும். மடிப்பு வரும் ஹோல்ஸ்டர் என்றால் தட்டையாக ஒட்டக்கூடாது. உள் அடுக்கின் வளைவுச் சுற்றளவு குறைவு. தட்டையாக ஒட்டிப் பிறகு மடக்கினால் உள்ளே மடிப்பு மடிப்பாகத் திரளும். மடிப்பின் ஒரு பக்கத்தை ஒட்டி, வளைத்துப் பிடித்தபடி மறுபக்கத்தை ஒட்டி, மிஞ்சும் உள் ஓரத்தை நறுக்குங்கள்.

ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சத்தில் சிவக்கும். கடுக்காய் அதைக் கட்டுப்படுத்தத்தான். சாயம் போடாமல் விற்பதாக இருந்தால் இதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தண்ணீரில்தான் பாதி வெற்றி

தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வடசென்னையில் கெடுப்பது போர்வெல் தண்ணீர். இரும்பு கலந்த தண்ணீர் டானினைத் தொட்டால் நீலக்கறுப்புக் கறை விழும், பேனா மை உருவான அதே வேதியியல். கடலை ஒட்டிய தெருக்களில் உப்பும் சேரும். காய்ந்தபின் வெள்ளையாகப் பூக்கும், உள்ளே இருக்கும் எஃகையும் அரிக்கும். கேன் தண்ணீர் ஒரு லிட்டர் போதும், கஞ்சத்தனம் வேண்டாம். அதே காரணத்துக்காக, கருவியைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றாமல் ஈரத் தோலுக்குள் விடாதீர்கள். சிறு கறைக்கு எலுமிச்சைச் சாறு தடவிக் கழுவினால் மங்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி நிற்கும்வரை முக்கி எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் நிறம் பழைய நிறத்தை நெருங்கியிருக்கும், கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். அதுதான் பக்குவம். சொட்டச் சொட்ட ஈரத்தில் அச்செடுத்தால் அழுத்திய இடம் மறுபடி எழும்பிவிடும். ஒரு நாளைத் தாண்டி கவருக்குள் விட்டால் இங்குள்ள புழுக்கத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். வேலை தள்ளிப்போனால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். அழுத்த விரலும் கரண்டியின் பின்பக்கமும் போதும். நகத் தழும்பு காய்ந்தபின்னும் மறையாது, எனவே நகத்தை வெட்டிவிட்டு உட்காருங்கள்.

காயவைப்பது மின்விசிறியின் கீழ். மே மாதம் ஒரு நாள், ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள்கூட ஆகும். கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் வைத்தால் மேல்முகம் முந்திக் காய்ந்து சுருங்கி வெடிக்கும், ஹோல்ஸ்டர் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்தபின் ஒரே ஒரு மெல்லிய பூச்சு எண்ணெய். மினுமினுப்புக்காக இரண்டாவது கை தடவினால், கஷ்டப்பட்டு ஏற்றிய விறைப்பு இளகிப்போகும்.

வேலைக்கு ஏற்ற தோல்

பெரம்பூர் பணிமனை எலக்ட்ரீஷியனின் பிளேயர், டெஸ்டர் ஹோல்ஸ்டருக்கு எருமையே போதும். எடுத்து வைப்பது நாளுக்கு நூறு முறை. அழகைவிடத் தேய்மானம் முக்கியம். வண்ணாரப்பேட்டைத் தையல்காரரின் கத்தரிக்கோலுக்கு இரட்டைக் கிப்ஸ் 2.6 மி.மீ. போதும். முனை இறங்கும் அடியில் மட்டும் தையலுக்கு உள்ளே ஒரு தோல் பட்டை வைத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் முனை நூலை அறுக்கும்.

உரிமம் பெற்ற ரிவால்வருக்கு மட்டும் சமரசமே கூடாது. 3 மி.மீ. பசு பட், அல்லது இரட்டைக் கிப்ஸ். டிரிகர் காவல் வளையம் முழுக்க மூடியிருக்க வேண்டும், ஆயுதத்தை வெளியே எடுத்தபிறகும் வாய் திறந்தபடியே நிற்க வேண்டும். இளகிய வாய்த்தோல் உள்ளே மடிந்து, திரும்பச் சொருகும்போது டிரிகரில் சிக்கினால் துப்பாக்கி வெடித்துவிடலாம். பெல்லியும் குரோமும் ஆபத்து என்பது இங்கே வெறும் தரப் பேச்சில்லை. மோல்டு எடுப்பதும் மரத்திலோ ரெசினிலோ செய்த போலி உருவை வைத்துத்தான்.

காசிமேட்டில் மீன் வெட்டும் கத்திக்குத் தோல் உறை கேட்டு வந்தால், பிவிசி உறை செய்து கொடுத்தனுப்புங்கள். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறும் பட்டைத் தோல் எந்தப் பகுதியானாலும் இளகும், நாறும், கத்தியையும் துருப்பிடிக்க வைக்கும்.

வாங்கும்போது ஒரு கணக்கு. ஒரு கடையில் சதுர அடி விலை, இன்னொன்றில் கிலோ விலை சொல்வார்கள். ஒரு சதுர அடி 3 மி.மீ. பட்டைத் தோல் ஏறத்தாழ 280 கிராம், 2 மி.மீ. என்றால் 185 கிராம் வரும். கிலோவில் வாங்கும்போது தோலைத் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எடை போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தோலோடு தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுப்பீர்கள்.