மனசு சரியில்லை என்றால் மனநல ஆலோசகரிடம் நேரில் போவதா, 14416-க்குப் போன் போடுவதா?
திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாப் பையன், சாதி மாறிக் கல்யாணம் பண்ணிய பெண், வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கும் திருநங்கை, எல்லாருக்கும் இதே குழப்பம்தான்.

செலவு: டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு. நேரில் தனியாரிடம் கட்டணம். அரசு மருத்துவமனையில் இலவசம், ஆனால் அன்றைய சம்பளம் போகும்.

மொழி: போனில் தமிழோடு இந்தியும் உண்டு. நேரில் ஆளைப் பொறுத்தது.

கூச்சம்: நேரில் உட்கார்ந்ததுமே ஆலோசகர் "எந்த ஊருங்க, யாரு வூட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டால், அது சாதியைத் துழாவும் கேள்வி என்று நம்மூரில் யாருக்குத் தெரியாது, அப்புறம் வாயே திறக்காது. போனில் முகம் தெரியாது, அதுவே பாதி தைரியம்.

ராத்திரி துக்கம் தொண்டையை அடைக்கிறதா, போன். மாதக்கணக்கில் அழுத்துகிறதா, நேரில் ஒரே ஆளிடம் தொடர்ந்து போங்கள். சரிப்படாவிட்டால் தயங்காமல் ஆளை மாற்றுங்கள்.