வேலூரில் டர்போ காருக்கு இன்டர்கூலர் மாற்றப் போகிறீர்களா? என் 68,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம்தான் என் காரின் முன் பம்பரைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே என்ன இருந்தது, என்ன இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. அதனால் ஆறப் போடாமல் இப்போதே எழுதுகிறேன். போன பணம் 68,500 ரூபாய்.

கடையின் பெயரைப் போடவில்லை. அலாய் வீல், சைலன்ஸர், ஸ்பாய்லர், ஸ்டிக்கர் என்று எல்லாம் மாட்டிக்கொடுத்து, கூடவே இன்ஜின் வேலையும் தெரியும் என்று போர்டு வைத்திருக்கும் வகைக் கடை. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் இப்படிக் கடைகள் நிறைய வந்துவிட்டன. எந்தக் கடைக்குப் போவதாக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இன்டர்கூலர் (டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் சூடான காற்றைக் குளிரவைக்கும் பாகம்) வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது 2006 ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 டர்போ பெட்ரோல். இரண்டாம் கையாக வாங்கியது. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்து, ஆசையாக வைத்திருக்கும் வண்டி. சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் அதில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். காலையில் நன்றாக இழுக்கும். மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் எடுத்தால் அதே வண்டி மந்தமாகிவிடும். ஓவர்டேக் பண்ணக் காலை அழுத்தினால் பிக்கப் வராது.

காரணம் எனக்கும் ஓரளவு தெரியும். இன்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிப்பதற்காக டர்போ காற்றை அழுத்தும்போது அந்தக் காற்று கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடாகிவிடும். சூடான காற்று லேசானது, அதில் ஆக்சிஜன் குறைவு. அது அப்படியே இன்ஜினுக்குள் போனால் நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது, வரும். வண்டியின் கம்ப்யூட்டர் உடனே இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, பின்னால் தள்ளிவிடும், இழுவை போய்விடும். இதைத் தடுக்கத்தான் நடுவில் இன்டர்கூலர் இருக்கிறது. இந்த வண்டியில் கம்பெனி வைத்தது சின்னது. பம்பர் மூலையில், சக்கரத்துக்கு முன்னால் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் ஒரு தடவை சூடேறினால் லேசில் ஆறாது. அதை எடுத்துவிட்டு ரேடியேட்டருக்கு முன்னால், நேராகக் காற்று படும் இடத்தில் பெரிய இன்டர்கூலர் மாட்டுவது உலகம் முழுக்கச் செய்கிற வேலைதான். அந்த யோசனையில் தப்பில்லை. நான் நம்பிய ஆள்தான் தப்பு.

எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் உங்களையும் இப்படித்தான் பிடிப்பார்கள்.

முதல் நாள் போனபோது கடைக்காரர் இன்டர்கூலர் பேச்சையே எடுக்கவில்லை. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடைப் பார்த்தார். அதற்கு முந்தின வாரம்தான் வேறொரு இடத்தில் பேடு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இவர் என் கையைப் பிடித்து, என் விரலையே பேடின் மேல் வைத்து, "பாருங்க சார், எவ்வளவு கனம் இருக்கு. இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும். எதுக்கு வீண் செலவு?" என்றார். சக்கரத்தை மாட்டிவிட்டார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார். வேண்டாத செலவை வேண்டாம் என்று சொல்கிற மெக்கானிக்கை எத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடமும் அதையேதான் சொன்னேன்.

இரண்டாம் தடவை நானாகத்தான் இன்டர்கூலர் பற்றிக் கேட்டேன். பேப்பரை எடுத்து எழுதினார். இறக்குமதி இன்டர்கூலர் 46,000. அலுமினியம் பைப், சிலிக்கான் ஹோஸ், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 14,500. ட்யூனிங் 8,000. மொத்தம் 68,500. "இருபத்தஞ்சு குதிரை சக்தி கூடும் சார், எழுதி வச்சுக்குங்க" என்றார். பில் கேட்டதற்கு, "ஜி.எஸ்.டி. போட்டா 18 பர்சென்ட் உங்க தலையிலதான் விழும், நமக்குள்ள எதுக்கு?" என்றார். சரி என்றேன். முதலில் 30,000, வண்டி எடுக்கும்போது 38,500. இரண்டையும் அவருடைய சொந்த நம்பருக்குத்தான் ஜிபே பண்ணினேன்.

மூன்று நாள் என்றார், பதினொரு நாள் ஆனது. வண்டியை எடுத்த அன்று சாயங்காலம் லேசாக மழை பெய்து குளிர்ந்திருந்தது. வண்டி நன்றாகத்தான் போனது. பம்பர் கிரில்லுக்குள் வெள்ளியாகப் பளபளவென்று இன்டர்கூலர் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷம் நாலு நாள்.

ஐந்தாம் நாள் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசி காற்று சூடாக வர ஆரம்பித்தது. எப்போதும் 90-ல் அசையாமல் நிற்கும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. போன் போட்டேன். "வேலூர் வெயில் சார், எல்லா வண்டிக்கும் இப்படித்தான்" என்றார். இந்த வண்டி இதே ஊரில் மூன்று மே மாதம் ஓடியிருக்கிறது, ஒரு தடவைகூட முள் நகர்ந்ததில்லை என்றேன். "புது செட்டப் சார், 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆகிடும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. அம்மா பின்சீட்டில், மனைவி பக்கத்தில். பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவது போட்டு அழுத்தினேன். முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம், டயர் வெடித்ததுபோல. வண்டி அப்படியே தொங்கிவிட்டது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை. "ஏம்பா, வண்டி தீப்பிடிச்சிருச்சா?" என்று அம்மா கத்தினார். பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. எப்படியோ ஓரம் கட்டினேன். அவர்கள் இரண்டு பேரையும் ஒரு ஆட்டோவில் ஏற்றி ஆம்பூருக்கு அனுப்பிவிட்டு, ரெக்கவரி வண்டிக்காக இரண்டரை மணி நேரம் அந்த வெயிலில் நின்றேன். அதற்கு வேறு தனியாக 3,500.

நின்றபடியே கடைக்காரருக்கு ஏழு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. மறுநாள் நேரில் போனேன். முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நீங்க ஓட்டுற விதம் சார், திடீர்னு அழுத்தினா ஹோஸ் கழறத்தான் செய்யும்" என்றார். அழுத்துவதற்குத்தானே டர்போ வண்டி? பையனைக் கூப்பிட்டுக் கிளிப்பை முறுக்கச் சொன்னார். பத்து நிமிஷ வேலை. இரண்டு நாளில் அதே ஹோஸ் மறுபடியும் கழன்றது. மறுபடி போனால், "உங்க வண்டிக்கு வேலை செஞ்ச பையன் நின்னுட்டான் சார், புது ஆள் வரட்டும்" என்கிறார். அதற்கடுத்த தடவை, "சார்" போய் "பாஸ்" ஆகிவிட்டது. "பாஸ், பில் இருந்தா எடுத்துட்டு வாங்க, வாரண்டி பார்க்கலாம்." பில் வேண்டாம் என்று சொன்னதே அவர்தான்!

சரி, பழைய இன்டர்கூலரையாவது கொடுங்கள், நான் பழையபடியே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். "அது பழைய இரும்புக்குப் போட்டாச்சே பாஸ்." என் வண்டியின் பாகத்தை என்னைக் கேட்காமலே எடைக்குப் போட்டிருக்கிறார்.

அப்புறம்தான் காட்பாடி பக்கம் ஒரு பாயிடம் போனேன். முப்பது வருஷமாக டர்போ வேலை பார்க்கிறவர், அதிகம் பேச மாட்டார். ஸ்கேன் போட்டதும் டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) நடுவில் காற்றழுத்தம் இறங்குகிறது என்று பிழை காட்டியது. உள்ளே வரும் காற்றைச் சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே அளந்து பெட்ரோலை முடிவு பண்ணிவிடுகிறது. அளந்த காற்று வழியில் ஒழுகிப் போனால் பெட்ரோல் அதிகமாகிவிடும். அதுதான் அந்தக் கறுப்புப் புகை என்று விளக்கினார்.

பம்பரைக் கழற்றினோம். பாய் ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கொண்டுவந்து பைப்பின் பக்கத்தில் காட்டினார். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. அது சைலன்ஸருக்குப் போடுகிற இரும்புப் பைப், மேலே சில்வர் பெயின்ட். ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தேய்த்துக் காட்டினார், விரல் நுனி செங்கல் நிறத்தில் வந்தது. மாட்டி ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் துரு. இந்தத் துருத் தூளைத்தான் என் இன்ஜின் இவ்வளவு நாளும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

பைப்பின் முனை வழவழவென்று வெட்டியபடி இருந்தது. அந்த விளிம்பைச் சுற்றிலும் ஒரு வளையம்போல மேடு தூக்கியிருக்க வேண்டுமாம். அது இருந்தால்தான் ஹோஸ் நழுவாது. இல்லாவிட்டால் கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறியதும் பிடுங்கிக்கொண்டு போகும் என்றார். அந்தக் கிளிப்பும் தண்ணீர் ஹோஸுக்குப் போடுகிற சாதாரணக் கிளிப்தான். அப்புறம் இன்டர்கூலரின் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் கம்ப்ரஸர் காற்றை அளவாகக் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஓரத்து வெல்டிங்கில் மூன்று இடத்தில் நுரை கொப்பளித்தது. இறக்குமதி என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அந்தத் தண்ணீரிலேயே உரிந்து வந்துவிட்டது. 46,000 ரூபாய்ச் சாமான் அது.

ஏசி கன்டென்சருக்கும் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பாகம்) இன்டர்கூலருக்கும் நடுவில் ஒரு விரல்கூடப் போகவில்லை. ரேடியேட்டருக்குக் காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் தடுப்புகளையும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். வண்டி ஏன் சூடேறியது என்று அப்போதுதான் புரிந்தது.

இது வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தேன். பாய் டார்ச் அடித்து, "தம்பி, இந்தச் சட்டம் எங்கே?" என்று கேட்டார். பம்பர் பிளாஸ்டிக்குக்குப் பின்னால், மோதினால் அடியைத் தாங்குவதற்கு ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். அதை நடுவில் ஒன்றரை அடிக்குமேல் கிரைண்டரால் அறுத்து எடுத்திருக்கிறார்கள். இன்டர்கூலருக்கு இடம் பத்தவில்லையாம், அதற்காக! இரண்டு ஓரத்திலும் அறுத்த பிசிறு அப்படியே கூராக நிற்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வண்டியில்தான் அம்மாவை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். முன்னால் எதுவும் இல்லாமல், வெறும் பிளாஸ்டிக்கை நம்பி. 68,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் இதைச் செய்திருக்கிறார்.

போன் போட்டு இதைச் சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் பாஸ் வெட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இப்போது என் நம்பரை பிளாக் செய்திருக்கிறார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இன்றைக்கு அதற்கு மனசு இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், சொந்த நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பம்பரை மூடும் முன்னால் உங்கள் கண்ணெதிரே காற்றடித்து, சோப்புத் தண்ணீர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சட்டத்தை வெட்ட வேண்டியிருக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த அளவு இன்டர்கூலர் உங்கள் வண்டிக்கு வேண்டாம். பைப்பும் டர்போ வாய்க்கு ஏற்ற அளவில் இருக்கட்டும், பெரிசாகப் போட்டால் லேக்தான், அதாவது அழுத்தியதும் இழுவை வருவதற்கான தாமதம்தான், கூடும். இன்டர்கூலர் மட்டும் மாற்றினால் குதிரை சக்தி கூடிவிடாது, வெயிலில் இழப்பது குறையும், அவ்வளவுதான். இருபத்தைந்து கூடும் என்கிற ஆளை நம்பாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தை அன்றைக்கே வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அவர் கைப்பட எழுதிய எஸ்டிமேட் பேப்பர் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். நான் இந்த வாரமே போடுகிறேன். நாளைக்குப் பாய் சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறார், இந்த மாடலுக்குப் பழைய சட்டமும் பழைய சின்ன இன்டர்கூலரும் கிடைக்குமா என்று பார்க்க. அது வரைக்கும் வண்டி அவர் ஷெட்டில்தான் நிற்கும், நான் பஸ்ஸில் சிப்காட் போகிறேன். இதே மாதிரிக் கடையில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.