சேர்க்காடா, சிதம்பரமா?

போன வருஷம் அக்கா மகளை பி.எஸ்சி. கணிதத்தில் சேர்க்க இரண்டு அரசுக் கல்லூரிகளைப் பார்த்தோம். ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில், குடியாத்தம் திருமகள் மில்ஸ் கல்லூரி. இன்னொன்று பாட்டி ஊரில், விழுப்புரம் அறிஞர் அண்ணா கலைக் கல்லூரி. கட்டணம், பாடம் இரண்டிலும் பெரிய வித்தியாசமில்லை. பட்டம் எங்கிருந்து வரும் என்பதில்தான் பேச்சு நீண்டது. குடியாத்தம் என்றால் வேலூர் பக்கம் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். விழுப்புரம் என்றால் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

2002இல் திருவள்ளுவர் வந்தபோது வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் எல்லாம் அதற்குள்தான். 2021 தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் தனிப் பல்கலைக்கழகம் பிரிந்தது. அந்த ஆகஸ்டிலேயே அதை அண்ணாமலையோடு இணைக்கும் மசோதா நிறைவேறியது. பெயர் போனதைப் பற்றிக் கட்சிகள் மோதிக்கொண்டன.

இணைப்பில் லாபம் இல்லாமல் இல்லை. 1929 முதல் இருக்கும் பெயர், பெரிய நூலகம், பல துறைகள். புதிதாக ஒன்றைத் தொடங்கினால் துணைவேந்தர், பதிவாளர், கட்டடம் என்றே முதல் சில வருஷப் பணம் கரையும். அண்ணாமலைப் பட்டத்துக்கு வெளிநாட்டில் கூடுதல் மதிப்பா என்றால், எங்கள் வீட்டிலிருந்து யாரும் அங்கே போனதில்லை. அதில் நான் வாய் திறக்கக்கூடாது.

நான் குடியாத்தம் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அலைச்சல்தான். 2008இல் விழுப்புரத்தில் படிப்பை முடித்து, புரொவிஷனல் சான்றிதழ் வாங்க விடியற்காலை பஸ் ஏறினேன். துணைக்கு அப்பா. திருவண்ணாமலையில் மாறி, வேலூர் வந்து கவுன்ட்டர் முன்னால் நின்றபோது பகல் தாண்டிவிட்டது. படிவத்தில் முதல்வர் முத்திரை இல்லை. தப்பு என்னுடையதுதான். அடுத்த வாரம் மறுபடி அதே பஸ். அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போச்சு. மறுமதிப்பீடு, அரியர், பெயர்த் திருத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நடை இருந்தால், வீட்டில் முதலாவதாகப் படிக்க வரும் பெண்ணை "போதும், விடு" என்றுதான் சொல்வார்கள். இப்போது பாதி வேலை இணையத்தில் முடிகிறது. மீதிப் பாதிக்கு நேரில்தான் நிற்க வேண்டும்.

அதற்காக இணைப்பே தப்பு என்று சொல்ல மாட்டேன். விழுப்புரத்துப் பிள்ளைகளுக்கு வேலூரைவிடச் சிதம்பரம் கிட்டத்தான். ஆனால் சொந்த ஊரிலேயே வந்த கவுன்ட்டர் சில மாதத்தில் கைவிட்டுப் போனதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

போன மாதம், குடியாத்தத்தில் சேர்ந்த அக்கா மகள் விண்ணப்பத்தில் இனிஷியலைத் தப்பாக எழுதிவிட்டாள். காட்பாடியில் பஸ் மாறி இரண்டு பேரும் சேர்க்காடு போனோம். ஆதார் நகல் ஒன்று குறைந்தது. காட்பாடிக்குத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு மறுபடி போய்க் கொடுத்தோம். மூன்று மணிக்குக் குடியாத்தம் பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது.