பிக்கப் பின் சீட்: கழற்றி மாட்டிய பிறகு மாதக்கணக்கில் தெரியவருபவை

டபுள் கேப் பிக்கப்பின், அதாவது இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்பின், பின் சீட்டைக் கழற்ற அரை மணி நேரம் போதும். திரும்ப மாட்ட ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். கழற்றும்போது தப்பு நடந்தால் அங்கேயே தெரிந்துவிடும்: போல்ட் அசையாது, கிளிப் உடையும், சீட் கதவு வாசலில் சிக்கிக்கொள்ளும். மாட்டும்போது நடக்கும் தப்பு அப்படியில்லை. அன்றைக்கு எல்லாம் கச்சிதமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் ஓடிய பிறகு மேடு பள்ளத்தில் டக் டக் என்று ஒரு சத்தம், தூக்கி மடக்கினால் பூட்டாத சீட், அணையாத ஏர்பேக் விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். சரக்கு ஏற்ற, நாய்க்கு இடம் விட, கேபினை அலசிக் காயவைக்க என்று வருடத்தில் இரண்டு மூன்று முறை சீட்டை இறக்கி ஏற்றும் வண்டிகளில் எது தாங்குகிறது, எது தேய்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெரும்பாலான வண்டிகளில் பின் சீட் இரண்டு பகுதி. உட்காரும் பகுதி கீல்களோடு தரையில் போல்ட் போட்டிருக்கும். 60:40 என்று பிரிந்திருந்தால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வரும். சாய்மானம் கேபினின் பின்சுவரில் மேலே கொக்கிகளில் தொங்கும், கீழே போல்ட் பிடித்திருக்கும். கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு முன்பக்கம் இழுத்தால் அது வராது. நேராக மேலே நாலைந்து சென்டிமீட்டர் தூக்கினால்தான் கொக்கி விடும். தெரியாமல் இழுத்துக் கொக்கியை வளைத்துவிட்டால், மாட்டும்போது உள்ளே போகும், ஆனால் இறுகி உட்காராது. பிற்பாடு வரும் சத்தத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. மேலே தூக்க இடம் வேண்டும் என்பதால் ஹெட்ரெஸ்ட்டை முதலிலேயே உருவிவிடுங்கள்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 10, 12, 13, 14, 16, 17 மில்லிமீட்டர் சாக்கெட், 15 சென்டிமீட்டர் எக்ஸ்டென்ஷன், ராட்செட், நட்சத்திர வடிவக் குழி உள்ள போல்ட்டுக்கு டி50 டார்க்ஸ் பிட், பிளாஸ்டிக் நெம்பி, குறித்த அளவுக்கு இறுக்கியதும் கிளிக் சொல்லும் டார்க் ரென்ச். போல்ட் தலையின் அளவே வண்டியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடும். ஜப்பானிய வண்டி என்றால் எம்8 போல்ட்டுக்கு (மரையின் விட்டம் 8 மில்லிமீட்டர்) 12, எம்10 போல்ட்டுக்கு 14 சாக்கெட். ஐரோப்பிய வழி என்றால் எம்8-க்கு 13, எம்10-க்கு 16 அல்லது 17. அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் கன் வேண்டாம். கழற்ற மட்டும்தானே என்று எடுப்பார்கள். அவசரத்தில் மாட்டவும் அதையே எடுப்பார்கள். மரை போவது அப்போதுதான்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்ட வயர். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். மஞ்சள் இல்லாவிட்டாலும் பெல்ட் போடச் சொல்லி நினைவூட்டும் வயர் ஒன்று இருக்கலாம். இரண்டிலும் விதி ஒன்றுதான்: கனெக்டர் கழன்றிருக்கும்போது இக்னிஷன் போடக் கூடாது. போட்டால் ஏர்பேக் யூனிட் கோளாறைப் பதிந்து வைத்துக்கொள்ளும். திரும்ப மாட்டிய பிறகும் பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்து அழித்தால்தான் விளக்கு அணையும். சீட் இல்லாமல் வண்டியை ஓட்டியாக வேண்டும் என்றால் இதற்கு என்ன வழி என்று கழற்றுவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

இனி, அவசரப்படக் கூடாத இடம். தரை போல்ட்டுகள் இறங்குவது தகட்டின் அடியில் பற்றவைத்த நட்டுக்குள். போல்ட்டின் நுனி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் வாரி இறைக்கும் சேறும் தண்ணீரும் நேராக அதில்தான் படும். மேலே இருந்து பார்த்தால் போல்ட் தலை புதுசு போல மின்னும், கீழே நுனி துருவேறி மண் கட்டியிருக்கும். அப்படியே திருகி எடுத்தால் அந்தத் துருவும் மணலும் நட்டின் மரை வழியாகத்தான் மேலே வந்தாக வேண்டும். முதல் இரண்டு சுற்று சுலபமாக வரும், பிறகு கிறீச்சென்று இறுகும், அதையும் மீறி இழுத்தால் நட்டின் மரை சீவிக்கொண்டு போகும். இல்லையென்றால் பற்று விட்டு நட்டே சேர்ந்து சுற்றும். சுற்ற ஆரம்பித்த நட்டைச் சரிசெய்ய கார்பெட்டை விலக்கி வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் வேலை வண்டிக்கு அடியில்: நுனிகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் தெளித்து, சில மணி நேரம் ஊற விடுங்கள். நடுவில் இறுகினால் அரைச் சுற்று திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் தெளித்து, மறுபடி வெளியே. பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கழற்றும் முன் கீல் பாதத்தைச் சுற்றித் தரையில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். போல்ட் துளைகள் பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும். சில மில்லிமீட்டர் இப்படி அப்படி நகர இடம் உண்டு. அந்தச் சில மில்லிமீட்டர் தவறினால் தூக்கி நிறுத்தும் பூட்டு கொக்கிக்கு நேராக வராது. போல்ட்டுகளின் நீளமும் ஒன்றுபோல் இருக்காது. ஓர் அட்டையில் சீட்டின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டு அதிலேயே செருகி வைப்பது நல்லது. டப்பாவில் கொட்டி வைப்பவர்கள் குட்டை போல்ட்டை நீள போல்ட்டின் இடத்தில் போட்டு, இரண்டே மரையில் சீட்டை நிறுத்தி வைக்கிறார்கள்.

சில வண்டிகளில் சீட் பெல்ட் பக்கிள்கள் சீட்டோடு ஒரே போல்ட்டில் பிடித்திருக்கும். அந்த போல்ட்டைத் தனியாக, பெயர் எழுதி வையுங்கள். உலகெங்கும் பெல்ட் நங்கூர போல்ட் பெரும்பாலும் மெட்ரிக் அல்ல; 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. விட்டம் 11.1 மில்லிமீட்டர். மரை இடைவெளி 1.27 மில்லிமீட்டர், அதாவது எம்12 நுண்மரையின் (மரை நெருக்கமாக அமைந்த வகை) 1.25-க்கு மிக அருகில். இதனால் அந்த போல்ட் எம்12 நுண்மரை நட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும், ஆனால் பல்லின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். கையால் திருகும்போது லொடலொடவென்று ஆடினால் அது தப்பான போல்ட், சந்தேகமே வேண்டாம். தொலைந்துபோனால் கடையில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டைப் போடாதீர்கள், வண்டிக்கு உரியதையே வாங்குங்கள். உயிர் தொங்கும் போல்ட் அது.

சீட்டை வெளியே எடுப்பது பலத்தைவிடக் கோணத்தைப் பொறுத்தது. முன் சீட்டுகளை முழுவதும் முன்னால் தள்ளி, அவற்றின் சாய்மானத்தை ஸ்டியரிங் பக்கம் கவிழ்த்துவிடுங்கள். வாசற்படியிலும் நடுத்தூணிலும் பழைய கம்பளி போர்த்துங்கள். சீட்டின் அடிச்சட்டம் வெட்டிய தகடு. கையையும் வெட்டும், பெயின்ட்டையும் கீறும். இரண்டு பேர், கையுறை, கீல் பக்கம் முதலில் வெளியே.

சாய்மானம் வந்ததும் பின்சுவரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஜாக்கி, சக்கர ஸ்பேனர், கேபின் காற்று வெளியேறும் ரப்பர் மடல் எல்லாம் அங்கேதான் இருக்கும். மேலிருந்து கீழாக மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். முதல் சந்தேகம் கூரையின் பின்விளிம்பில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கின் கேஸ்கெட் மீது, அடுத்தது பின் கண்ணாடியின் சீல் மீது. கார்பெட்டின் மேல்பக்கம் காய்ந்திருந்தாலும் அடியில் இருக்கும் பஞ்சு மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். கையை உள்ளே விட்டு அழுத்திப் பாருங்கள்.

சீட் இல்லாமல் ஓட்டும் நாட்களில் மூன்று விஷயம். தரைத் துளைகளைத் திறந்து விடாதீர்கள்; தண்ணீர், தூசி, புகை எல்லாம் அந்த வழியாக உள்ளே வரும். போல்ட்டையே வாஷரோடு திரும்ப முடுக்கி வைத்தால் துளையும் அடையும், மரையும் பிழைக்கும், போல்ட்டும் தொலையாது. அடுத்தது சத்தம். சாய்மானத்தின் ஃபோம்தான் பின்சுவரின் இரைச்சலைப் பாதி விழுங்கிக்கொண்டிருந்தது. அது போனதும் வண்டி தகர டப்பா மாதிரி ஒலிக்கும், கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம்: உள்ளே ஏற்றும் சரக்கைக் கட்ட வேண்டும். பிரேக் அடித்தால் அது முன் சீட்டின் முதுகில்தான் வந்து நிற்கும். குழந்தை இருக்கைக்கான நங்கூர வளையங்களில் கனத்த சரக்கைக் கட்டாதீர்கள்.

திரும்ப மாட்டும்போது முதலில் சாய்மானம், பிறகு உட்காரும் பகுதி. ஜாக்கியை அதன் தாங்கியில் இறுக்கிவிட்டீர்களா என்று சாய்மானத்தை ஏற்றுவதற்கு முன்பே பாருங்கள். மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். கொக்கிகளில் துணி டேப் ஒரு சுற்று ஒட்டினால் இரும்போடு இரும்பு உரசாது. நடு பெல்ட்டையும் பக்கிள்களையும் முன்னால் எடுத்துப் போட்டுவிட்டு சீட்டை இறக்குங்கள். சீட்டுக்கு அடியில் போன பக்கிளை இடுக்கில் விரல் விட்டு எடுத்துவிடலாம் என்று நினைப்பது நடக்காத காரியம்.

கார்பெட்தான் பிற்பாடு வரும் தளர்வுக்கு மூலகாரணம். கீல் பாதத்துக்கு அடியில் ஒரு மடிப்பு சிக்கினால் டார்க் ரென்ச் சரியான அளவில் கிளிக் சொல்லும், போல்ட்டும் இறுகியதாகவே தோன்றும். ஆனால் அழுத்தத்தைத் தாங்குவது தகடு அல்ல, துணி. வாரக்கணக்கில் துணி அமுங்க அமுங்க போல்ட்டின் பிடி தளரும். பாதம் தகட்டோடு தகடாகப் படிகிறதா என்று குனிந்து பாருங்கள். கார்பெட் துளை சிறிதாகி நார் போல்ட்டில் சுற்றிக்கொண்டால் பிளேடால் ஓரத்தைச் சீராக வெட்டிவிடுங்கள்.

எல்லா போல்ட்டையும் வெறும் விரலால் மூன்று நான்கு சுற்று பிடிக்க விட்ட பிறகே ராட்செட்டைத் தொட வேண்டும். விரலால் போகாத போல்ட் நேராக இறங்கவில்லை. எடுத்துவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி, மரை டொக்கென்று விழும் இடத்தில் இருந்து மறுபடி ஆரம்பியுங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் கடைசித் துளை நேராக வராது. இறுதி இறுக்கத்துக்கு வண்டியின் கையேடுதான் அளவு. 45 நியூட்டன் மீட்டர் என்று இருந்தால் 30 சென்டிமீட்டர் கைப்பிடியில் சுமார் 15 கிலோ விசை. அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கைக்குத் தெரியாது, டார்க் ரென்ச்சுக்குத்தான் தெரியும். இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பாதம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கோடு பிளந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது.

பல முறை கழற்றிய வண்டிகளில் முதலில் போவது கீல் மூடிகளின் பிளாஸ்டிக் கிளிப். குளிரில் இன்னும் சுலபமாக உடையும். நாலைந்து உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது போல்ட் தளராமல் இருக்க அதன் மரையில் கம்பெனி பூசி அனுப்பிய பசை (த்ரெட்லாக்கர்). இரண்டாம் முறையிலேயே அது உதிரத் தொடங்கும். பழைய பசையைச் சுரண்டி நீல நிற வகையைப் பூசினால் போதும். சிவப்பு நிறத்தைப் போட்டால் அடுத்த முறை சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும், கார்பெட்டுக்குப் பக்கத்தில் அது நடக்கிற கதையா? ஒருமுறை மட்டும் பயன்படுத்து என்று கையேடு சொல்லும் போல்ட் என்றால் மறுபேச்சில்லாமல் புதுசு.

கழற்றிய சீட்டை ஃபோம் விளிம்பில் நிறுத்தி வைத்தால் சில மாதத்தில் அந்த விளிம்பு அமுங்கியே நின்றுவிடும். சட்டம் தரையில் படும்படி படுக்க வையுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், பருத்தித் துணி போதும். எலி நடமாடும் இடம் என்றால் தரையில் வைக்கவே வைக்காதீர்கள்.

மாட்டி முடித்ததும் கனெக்டர் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேட்டரியை இணைத்து, விளக்குகள் அணைகின்றனவா என்று கவனியுங்கள். ஒவ்வொரு பெல்ட்டையும் போட்டு வெடுக்கென்று இழுங்கள். சீட்டை மடக்கி, விரித்து, பூட்டு விழும் ஓசையைக் கேளுங்கள். பிறகு சாய்மானத்தின் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் உலுக்குங்கள். ஒரே ஒரு டக் கேட்டாலும் அன்றே கழற்றிப் பாருங்கள்.